ஏ போர்ட்டியில் ஒரு சுற்று

பட்டிப்பொங்கல் அன்று பின்னேரம் மூன்றரை மணி. கோண்டாவிலில் எங்கள் ஒழுங்கை முகப்பில் பதினாறு பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள். முன்னால் நின்ற கறுப்புக் காரின் பொனற்றைத் திறந்து, கார்க்கார அண்ணை பற்றறிக் கம்பியை இறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஊரில் பெரியவர்களுக்கு அவர் இன்னமும் அண்ணைதான், பிள்ளைகளுக்குக் கார் அப்பப்பா.

பொனற்றை மூடிவிட்டு, வளைந்த இரும்புக் கைப்பிடியை முன்பக்கத் துவாரத்தில் நுழைத்தார். மெதுவாக இரண்டு தரம் சுற்றினார். மூன்றாவது தரம் கீழிருந்து மேலாக ஒரே இழுவை. இஞ்சின் ஒரு தரம் இருமி, பிறகு பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் பெருவிரலைக் காட்டிச் சொன்னார்: “இந்த விரலை மற்ற விரலோட சேர்த்துத்தான் பிடிக்கவேணும். சுத்திப் பிடிச்சா, எதிர்ப்பக்கம் உதைக்கேக்க விரலை முறிச்சுப்போடும்.” பெற்றோல் காரை இப்படிக் கையால் சுற்றிக் கிளப்பலாம் என்பதே அங்கே நின்ற பாதிப்பேருக்குப் புதிது. பற்றறி நல்லாகத்தான் இருந்தது. பிள்ளைகள் பார்க்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தார்.

ஒரு நடைக்கு நான்கு பிள்ளைகள், துணைக்கு ஒரு பெரியவர். ஒழுங்கையால் போய், பிள்ளையார் கோயிலைச் சுற்றி, பள்ளிக்கூட மதிலோரமாகத் திரும்பி வரப் பத்து நிமிடம். முதல் நடையில் துணைக்குப் போனது நான். பின்சீற்றில் இருந்த ஒரு பெண்பிள்ளை கதவெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, “அப்பப்பா, கண்ணாடி இறக்கிற பட்டன் எங்கை?” என்று கேட்டாள். கைப்பிடியைச் சுற்றச் சொன்னார். சுற்றச் சுற்றக் கண்ணாடி இறங்கியது. அவள் அதை இறக்கினாள், ஏற்றினாள், மீண்டும் இறக்கினாள். கோயில் திருப்பத்தில் அவர் விசையைத் திருப்பியதும், இரண்டு கதவுகளுக்கும் நடுவிலுள்ள தூணுக்குள்ளிருந்து செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கை வெளியே நீண்டது. இடப்பக்கம் திரும்புகிறோம் என்று வீதிக்குச் சொல்லும் கை. நான்கு பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள். அதற்குப் பிறகு, திருப்பம் இல்லாத இடங்களிலும் அந்தக் கையை அவர் இரண்டு மூன்று தரம் நீட்டிக் காட்டினார்.

அந்தக் கார் ஒஸ்ரின் ஏ40. யாழ்ப்பாணத்து வாயில் அது ஏ போர்ட்டி. இங்கிலாந்தில் பேர்மிங்காமுக்குப் பக்கத்திலுள்ள லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் 1947ஆம் ஆண்டிலிருந்து செய்த வகை. 1200 சிசி இஞ்சின், நாற்பது குதிரை வலு. அந்த நாற்பதுதான் பெயரில் இருக்கிறது. நான்கு கதவுக் காருக்கு டெவன் என்றும், இரண்டு கதவுக் காருக்கு டோசற் என்றும் இங்கிலாந்து மாவட்டங்களின் பெயரை வைத்தார்கள். 1952இல் வந்த அடுத்த வகைக்கு சமர்செற் என்று பெயர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரித்தானியா கடனில் மூழ்கிக் கிடந்தது. ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைக்கே அரசு உருக்கு ஒதுக்கியது. அதனால்தான் சொந்த நாட்டு மக்கள் காத்திருக்க, டெவனும் மொறிஸ் மைனரும் கப்பல் கப்பலாக வெளிநாட்டுக்குப் போயின. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கியவற்றில் ஒரு பங்கு வடக்கே வந்தது. ஆசிரியர்களும் டொக்ரர்மாரும் சுருட்டு வியாபாரிகளும், மலாயாவில் வேலை பார்த்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர்களும் வாங்கினார்கள்.

1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து கார் இறக்குமதி இறுகியது. 1977இல் பொருளாதாரம் திறக்கும்வரை, இருந்த காரையே திருத்தித் திருத்தி ஓடவேண்டிய நிலை. இது முழு இலங்கைக்கும் பொதுவானது. ஆனால் தெற்கில் 77க்குப் பிறகு யப்பான் கார்கள் வந்து பழையவற்றை ஒதுக்கத் தொடங்கியபோது, வடக்கில் போர் தொடங்கிவிட்டது. உலகம் கழித்துவிட்ட கார்கள் யாழ்ப்பாணத்தில் இன்னும் பல வருடம் உழைத்தன. ஆஸ்பத்திரி வாசலிலும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலும் ஹயருக்கு நின்றவை ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும், மொறிஸ் ஒக்ஸ்போட்டும், ஏ போர்ட்டியும்தான். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் யாழ்ப்பாணத்தைப் பழைய கார்களின் அருங்காட்சியகம் என்று வர்ணித்து எழுதினார்கள். எனக்கு அந்தச் சொல் ஒருபோதும் பிடித்ததில்லை. அருங்காட்சியகத்தில் எந்தக் காரும் நள்ளிரவில் பிரசவத்துக்குப் போவதில்லை.

கார்க்கார அண்ணையின் ஏ போர்ட்டி 1951ஆம் ஆண்டுக் கார். இலக்கத் தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்து. இன்னொரு நடையில் ஏறிய பெடியன் ஒருவன் அதைக் கவனித்துவிட்டுக் கேட்டான், “மற்றப் பழைய காரிலை சிங்கள எழுத்தெல்லோ இருக்கு?” என்று. சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்துத்தான் அந்தக் காலத்தில் இலக்கம் கொடுத்தார்கள். தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பின்னால்தான் சிங்கள ஶ்ரீ எழுத்து வந்தது. 1958இல் ஶ்ரீ பொறித்த அரச பஸ்கள் வடக்கே வந்தபோது, அந்த எழுத்தின்மேல் தார் பூசி எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மறியலுக்குப் போனார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவையும் ஒரு தகட்டைத் தொட்டுக் காட்டிச் சொல்லலாம். பாடப்புத்தகத்தில் இருந்தாலும் அவன் அதை இப்படிக் கேட்டிருக்க மாட்டான்.

இந்தக் காரில் நான் முதலில் ஏறியது எப்போது என்று நினைவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஒழுங்கையில் எல்லோருடைய தூரப் பயணமும் இந்தக் காரில்தான். நல்லூர்த் தேருக்கு, கீரிமலைக்கு, கலியாண வீட்டுக்கு, பெரியாஸ்பத்திரிக்கு. 1990 ஆனியில் சண்டை மீண்டும் தொடங்கியபின் பெற்றோல் வரத்து நின்றது. மின்சாரம் நின்றது. பற்றறி, சவர்க்காரம், உரம் என்று தடைப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. கிடைத்தது பங்கீட்டு மண்ணெண்ணெய் மட்டும். அப்போதுதான் இந்தப் பழைய இஞ்சின்களின் அருமை தெரிந்தது.

மண்ணெண்ணெயில் பெற்றோல் கார் எப்படி ஓடும்? குளிர்ந்த இஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, தீப்பொறி பட்டாலும் பற்றாது. அதனால் கொஞ்சம் பெற்றோலைச் சூப்பிப் போத்தலிலோ சேலைன் குழாயிலோ எடுத்து, காபரேற்றருக்குள் விட்டுக் கிளப்புவார்கள். இஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்பார்கள். சூடு இருக்கும்வரை ஓடும். நடுவழியில் நின்று ஆறிவிட்டால் மீண்டும் பெற்றோல் துளிக்கு வழி தேடவேண்டும். புதிய கார்களின் இஞ்சினில் அழுத்தம் அதிகம். அவற்றில் மண்ணெண்ணெய் விட்டால் தட்டத் தொடங்கி விரைவில் இஞ்சின் பழுதாகும். 1940களின் இஞ்சின், தரம் குறைந்த பெற்றோலுக்கென்றே அழுத்தம் குறைத்துச் செய்தது. ஆகையால் தாக்குப்பிடித்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி இஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிவிடும், அதனால் ஒயிலை அடிக்கடி மாற்றவேண்டும். மாற்ற ஒயில் எங்கே? வடித்து வடித்துத் திரும்ப விட்டார்கள். அதே காலத்தில் டீசல் வாகனக்காரர் மண்ணெண்ணெயில் வேறு எண்ணெய் கலந்து ஓடினார்கள். அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்துத் தெருவுக்கு ஒரு மணம் இருந்தது. என் வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் அந்த மண்ணெண்ணெய்ப் புகையைச் சொல்லுவார்கள்.

1995 ஐப்பசி 30. இராணுவம் நெருங்கிவர, வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்ட இரவு. எனக்கு ஒன்பது வயது. ஏ போர்ட்டிக்குள் நாங்கள் பதினொரு பேர். அம்மம்மா முன்சீற்றில், அவவின் மடியில் தங்கச்சி. பின்னால் நாங்கள் அடுக்கி வைத்தமாதிரி. கூரையில் பாயும் சட்டி பானையும். மழை. செம்மணி வெளியில் கார் நடைவேகத்திலும் போகவில்லை, முன்னாலும் பின்னாலும் சனம். நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட ரேடியேற்றர் கொதித்து நின்றது. கார்க்கார அண்ணை இறங்கி, மழைத்தண்ணி நிறைந்த வாளியொன்றை யாரிடமோ வாங்கி ஊற்றினார். அன்று கொதிநீர் தெறித்த தழும்பு அவரது வலக்கையில் இப்போதும் இருக்கிறது. விடியப்புறம் எங்களைச் சாவகச்சேரியில் இறக்கிவிட்டு அவர் திரும்பிப் போனார், இன்னொரு நடை ஏற்ற. அன்று அவர் எத்தனை நடை ஓடினார் என்று நான் பின்னாளில் கேட்டேன். எண்ணவில்லை என்றார்.

இதனால்தான், இந்தக் கார்களைக் கயிறு கட்டி நிறுத்தித் ‘தொடாதே’ என்று எழுதி வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் இவை பணக்காரர் வீட்டுக் கண்காட்சிப் பொருளாக வாழ்ந்தவை அல்ல. ஊர் ஏறி இறங்கிய வாகனங்கள். அடுத்த தலைமுறைக்கு அவற்றைக் கொடுப்பதென்றால் ஏற்றிக்கொண்டு போய்த்தான் கொடுக்கவேண்டும்.

காரைவிடவும் இதற்குப் பொருத்தமான சாட்சி தட்டிவான். கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் பல தசாப்தங்கள் ஓடிய வாகனம். ஷெவ்ரோலே போன்ற பழைய லொறிச் சட்டத்தின்மேல் எங்கள் தச்சர்கள் மரத்தால் உடம்பு கட்டினார்கள். பக்கங்கள் திறந்தபடி, வாங்குமாதிரி இருக்கைகள். பின்னால் சங்கிலியில் தொங்கும் ஒரு பலகைத் தட்டி, அதை இறக்கிவிட்டால் தேங்காய் மூட்டை, பலாப்பழம், மாம்பழக் கடகம், சைக்கிள், எல்லாம் ஏறும். தட்டியால் வந்த பெயர் தட்டிவான். தென்மராட்சியின் விளைச்சலும் வடமராட்சியின் மீனும் அதில்தான் சந்தித்தன. அண்மைக் காலம்வரை ஒன்றிரண்டு ஓடின. கொடிகாமம் சந்தையிலிருந்து விடியற்காலையில் வியாபாரப் பெண்களோடு அதில் போனவர்களுக்குத் தெரியும், அது போகும்போது பலகைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம் போடும். ஒரு தட்டிவானையாவது ஓடும் நிலையில் வைத்து, சனி ஞாயிறுகளில் அதே வீதியில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓடவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இந்த வாகனத்தைப்போல இன்னொன்றை உலகில் வேறெங்கும் விலைக்கு வாங்க முடியாது. அதைக் கட்டியவர்கள் எங்கள் ஊர்த் தச்சர்கள்.

2002இல் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்ததும் யப்பான் வாகனங்கள் வந்து குவிந்தன. ஹயர்காரர் வானுக்கும் முச்சக்கர வண்டிக்கும் மாறினார்கள். போர் முடிந்து 2009க்குப் பின் பாதை மீண்டும் திறந்தபோது, தெற்கிலிருந்து பழைய கார் சேர்ப்பவர்கள் வந்தார்கள். வறுமையில் இருந்தவர்களுக்கு அந்தக் காசு பெரிய காசு, விற்றவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கொட்டில்களில் கிடந்த பல கார்கள் அப்படி வடக்கை விட்டுப் போய்விட்டன. 2020இல் வாகன இறக்குமதி நின்று, 2025 மாசியில் மீண்டும் திறக்கும்வரை ஓடுகிற எந்தக் காருக்கும் விலை ஏறிற்று. கார்க்கார அண்ணையிடமும் கேட்டு வந்தார்கள். அவர் கொடுக்கவில்லை. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, கியூஆர் அட்டைக்கு வாரக் கணக்கில் லீற்றர் அளந்து கொடுத்தபோது, அவர் தன் பங்கைச் சேர்த்து வைத்து மாதம் ஒருமுறை இஞ்சினை ஓடவிட்டார். ஓடாத கார் கெட்டுப்போகும். ரப்பர் வெடிக்கும், பிறேக் உருளை துருப்பிடிக்கும், காபரேற்றருக்குள் பெற்றோல் பிசினாகும். ஏறி ஓடுவதுதான் இவற்றுக்குப் பராமரிப்பும்.

வெளியுலகம் இதை எப்போதோ செய்யத் தொடங்கிவிட்டது. லண்டனிலிருந்து பிறைற்றனுக்கு 1905க்கு முன் செய்த வாகனங்கள் ஆண்டுதோறும் கார்த்திகை மாதத்தில் ஓடுகின்றன. 1896இல் நடந்த முதல் ஓட்டத்தின் நினைவாக 1927இலிருந்து நடக்கும் வழக்கம் அது. வீதியோரம் சனம் நின்று பார்க்கும். இங்கிலாந்தின் வடக்கிலுள்ள பீமிஷ் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில் பழைய ட்ராம் வண்டியிலும் பஸ்ஸிலும் ஏறித்தான் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவார்கள். அகமதாபாத்தில் பிரான்லால் போகிலால் சேர்த்த கார்களின் காட்சியகத்தில், கட்டணம் கட்டி ஒரு பழைய காரில் ஏறிச் சுற்றி வரலாம். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு பெயரிலுள்ள அறக்கட்டளை அழகானதொரு கார் காட்சியகம் வைத்திருக்கிறது. சென்னையில் ஏவிஎம் நிறுவனம் 2023இல் ஒன்றைத் திறந்தது. கொழும்பில் கோல்பேஸ் ஹோட்டலில், இளவரசர் பிலிப் இளம் கடற்படை அதிகாரியாக இங்கே இருந்த 1940இல் வாங்கிய ஸ்ராண்டட் நைன் கார் நிற்கிறது. இவற்றுள் என் மனதுக்குக் கிட்ட இருப்பவை பீமிஷும் அகமதாபாத்தும். அங்கே ஏறலாம்.

ஏற்றுவதென்றால் பொறுப்பு உண்டு. இந்தக் கார்களில் இருக்கைப் பட்டி கிடையாது. பிறேக் பழைய டிரம் வகை, இன்றைய காரைவிட நிற்க அதிக தூரம் எடுக்கும். கதவுப் பூட்டு சிறு பிள்ளை கை பட்டாலும் திறக்கும். அதனால் கார்க்கார அண்ணையின் விதிகள் கண்டிப்பானவை. பெரிய வீதிக்கு ஏறுவதில்லை. மணிக்கு இருபது கிலோமீற்றருக்கு மேல் இல்லை. முன்சீற்றில் பிள்ளை இல்லை. பின்கதவுகளை வெளியிலிருந்து பட்டியால் கட்டிவிட்டு, துணைக்குப் போகும் பெரியவர் கையில் ஒரு கத்தரிக்கோல் கொடுக்கிறார், அவசரமென்றால் வெட்ட. தீயணைக்கும் குப்பி முன்சீற்றுக்குக் கீழே. நான்கு நடைக்கு ஒருமுறை பொனற்றைத் திறந்து ஆறவிடுவார், ஆனால் சூடாக இருக்கும்போது ரேடியேற்றர் மூடியில் யாரையும் கை வைக்க விடமாட்டார். காரணத்தை நான் மேலே சொல்லிவிட்டேன். காப்புறுதியும் வருமான அனுமதிப்பத்திரமும் ஒழுங்காக இருக்கின்றன.

அந்த ஆறவிடும் கால்மணி நேரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பிள்ளைகள் இஞ்சினைச் சுற்றி நிற்பார்கள். இன்றைய காரின் பொனற்றைத் திறந்தால் ஒரு கறுப்புப் பிளாஸ்ரிக் மூடிதான் தெரியும். இதில் எல்லாம் வெளியே தெரியும். காற்றாடி, பட்டி, நான்கு பிளக், நான்கு வயர், காபரேற்றர். ஒரு பிளக் வயரைக் கழற்றிவிட்டு ஓடவிட்டால் இஞ்சின் நொண்டும். மீண்டும் போட்டால் நிமிரும். “நாலு பேர் தூக்கிற பல்லக்கில ஒருத்தன் கையை விட்டமாதிரி” என்றார் அவர். ஏழு வயதுப் பிள்ளைக்கும் விளங்கியது. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் தொடங்கிய இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிலையத்தில் வாகனத் தொழில்நுட்பம் படிப்பிக்கிறார்கள். அங்கிருந்து வரும் இளைஞர்கள் வருடத்தில் சில நாட்களாவது இந்தப் பழைய கராச்சுக்காரர்களோடு உட்காரவேண்டும். ஒயில் வடித்து விட்டவர்கள், கிடைக்காத பாகத்தைக் கடைசல் பிடித்துச் செய்தவர்கள், அவர்களுக்கெல்லாம் இப்போது வயதாகிவிட்டது. தென்னிலங்கையில் மொறிஸ் மைனருக்குப் பாகங்கள் செய்து பிரித்தானியாவுக்கே ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். கைவேலை எங்கள் நாட்டில் உண்டு, அதைக் கைமாற்றித்தான் ஆகவேண்டும்.

நல்லூர்த் திருவிழாக் காலத்திலும், தை மாதத்தில் முற்றவெளியில் சந்தை கூடும்போதும், வடக்கில் எஞ்சியுள்ள பழைய கார்க்காரர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்தால் போதும். கோட்டையடியிலிருந்து பண்ணைப் பாலம் தொடங்கும் இடம்வரை ஒரு சுற்று. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளும் உள்ளூர்ப் பிள்ளைகளும் ஒரே சீற்றில். சிறிய கட்டணம் வாங்கலாம், அது ரயருக்கும் ஒயிலுக்கும் போகட்டும். மாநகரசபை ஒரு வழித்தடத்தை அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒதுக்கித் தந்தால் வேலை முடிந்தது. இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம்.

அன்று கடைசி நடைக்குப் பிள்ளைகள் முடிந்துவிட்டார்கள். வெயில் சாய்ந்திருந்தது. ஒழுங்கை முகப்பில் கடகத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர், “தம்பி, என்னையும் ஏத்துவியோ?” என்று கேட்டார். திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி விற்பவர். கார்க்கார அண்ணை கதவைத் திறந்துவிட்டார். நான் அவவுக்குப் பக்கத்தில் ஏறினேன். சீற்றின் றெக்சினைத் தடவிப் பார்த்து, “அப்ப இது சிவப்பு” என்றார். பிறகு, முன்சீற்றின் பின்புறத்தைப் பிடித்தபடி, மூத்தவனைப் பெற இணுவில் மக்லியொட் ஆஸ்பத்திரிக்கு இதில்தான் போனதாகவும், அன்றைக்கு இந்தக் கோயிலடியில் கார் ஒரு கிடங்கில் விழுந்து எழும்பியபோது தான் கத்திய கத்தலுக்கு ஓட்டினவர் பயந்துபோனதாகவும் சொன்னார். ஓட்டினவர் கார்க்கார அண்ணையின் தகப்பனார்.

கோயிலைச் சுற்றி வந்தோம். ஒழுங்கை முகப்பில் கார் நின்றது. ஆச்சி இறங்கவில்லை. சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து, மடித்த நூறு ரூபாத்தாளை எடுத்து முன்னால் நீட்டினார். “எவ்வளவு தம்பி?” அவர் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்தத் தாளை வாங்கி, கண்ணாடிக்குக் கீழே இருந்த தகரப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, “சந்தையடியிலயே இறக்கிவிடட்டோ ஆச்சி?” என்று கேட்டார்.